சுட அனுமதி உள்ள பறவை

நான் நாலாம் வகுப்பு படித்த வருடத்தில், எந்தப் பறவையைச் சுட்டால் எத்தனை வருடம் ஜெயிலில் இருக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். மயிலுக்கு மூன்று வருடத்துக்குக் குறையாது, ஏழு வரைக்கும் போகலாம். கிளி, மைனா, மணிப்புறா என்றால் அதைவிடக் குறைவு, ஆனால் உண்டு. தண்டனையே இல்லாமல் சுடலாம் என்று சட்டத்தின் பட்டியலில் இருந்த ஒரே பறவை காக்கை. இப்போது அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள், காக்கையையும் இஷ்டத்துக்குச் சுட முடியாது என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது நடந்தது அதற்குப் பல வருடங்களுக்கு முன்னால்.

எனக்கு இதையெல்லாம் மனப்பாடம் செய்யவைத்தவர் பெரியப்பா. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு அவரும் பெரியம்மாவும் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அப்பாவுக்குத் தென்காசியில் பைப் கடை இருந்ததால், குற்றாலம் போகிற வழியில் இருந்த எங்கள் இரண்டு ஏக்கர் கடலை வயலைப் பெரியப்பாதான் பார்த்துக்கொண்டார். ராணுவத்தில் என்ன பார்த்தாரோ, அதே முறையில் வயலையும் பார்த்தார். மோட்டார் போடும் நேரம், நிறுத்தும் நேரம், உரம் வைத்த தேதி எல்லாம் மோட்டார் ரூம் கதவில் ஒட்டிய தாளில் இருக்கும். எதிலும் முறை தவறக்கூடாது. ரோட்டில் ஒரு வண்டியும் இல்லாதபோதும் கை காட்டிவிட்டுத்தான் ஸ்கூட்டியைத் திருப்புவார்.

அவருக்கு அடங்காதது மயில்தான். மலையிலிருந்து விடிகாலையில் இறங்கி வரும். பத்து, பன்னிரண்டு என்று வந்து, செடியைக் காலால் கிளறிப் பிஞ்சுக் கடலையைத் தின்றுவிட்டுப் போகும். போகும்போது ஒரு தடவை கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் யாரோ ஒரு பொம்பளை கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கும். பெரியப்பா தகரம் கட்டிப் பார்த்தார், பழைய சேலை கட்டிப் பார்த்தார், வெடி போட்டும் பார்த்தார். மயில்கள் வெடிக்கு ஒதுங்கி, புகை கலைந்ததும் திரும்பி வந்தன.

கடைசியில் துப்பாக்கிக்கு எழுதிப் போட்டார். அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. எதற்கும் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். மூன்று முறை போய்விட்டு வந்து அப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"பாயிண்ட் டூ டூ ரைபிள் கேட்டேன்டா. அது கிளப்புல குறி பழகுதவங்களுக்குத்தானாம். பயிர்க் காவலுக்குன்னா நாட்டுத் துப்பாக்கிக்குத்தான் லைசன்ஸாம்."

"அத வாங்கிற வேண்டியதான அண்ணே?"

"வாங்கலாம். ஆனா அத வச்சும் மயிலச் சுடக்கூடாதாம். அப்ப எதுக்குய்யா லைசன்ஸுன்னு கேட்டேன். சத்தம் காட்டலாம்னு சொல்லுதான்."

அப்பா சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. அடுத்த வாரமே லைசன்ஸ் தேவைப்படாத ஏர் ரைபிள் ஒன்றை வாங்கி வந்தார். நடுவில் மடக்கி, சின்ன ஈயக் குண்டு ஒன்றைப் போட்டு, திரும்ப நிமிர்த்த வேண்டும். குண்டு உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது. வாங்கிய ரசீதையும் துப்பாக்கியையும் ஒரே பையில்தான் வைத்திருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்று அதிகாரபூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வனத்துறை ஆபீஸுக்குப் போனார். பள்ளிக்கூட லீவு என்பதால் என்னையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டார். அங்கே இருந்த வனவர் சின்ன வயதுக்காரர். பெரியப்பா ராணுவம் என்று தெரிந்ததும் எழுந்து நாற்காலி போட்டார். ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டி ஒவ்வொன்றாக வாசித்தார். பெரியப்பா டைரியில் எழுதிக்கொண்டே வந்தார். மயில் கூடாது. கிளி கூடாது. மைனா கூடாது.

"அப்ப எதத்தான் சுடலாம்?"

வனவர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "எலி, சுண்டெலி, பழம் திங்குற வௌவாலு, காக்கா. இவ்வளவுதான் அண்ணாச்சி. காக்காயிலயும் கழுத்து சாம்பலா இருக்கும்லா, அந்தச் சாதாக் காக்கா மட்டுந்தான். முழுக்கக் கருப்பா இருக்க அண்டங்காக்கா இதுல வராது."

பெரியப்பா அதையும் எழுதி, அடிக்கோடு போட்டார்.

"ஆனா காக்கா உங்கள என்ன பண்ணிச்சு அண்ணாச்சி?" என்று வனவர் கேட்டார்.

"முளையக் கொத்துது" என்றார் பெரியப்பா. அது பொய்யும் இல்லை. விதைத்த புதிதில் காக்கைகளும் வந்து கொஞ்சம் கொத்தத்தான் செய்தன. மயில் செய்த சேதத்தில் அது கால்வாசிகூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பத்தி போட்டு அழகான கையெழுத்தில் எழுதி மோட்டார் ரூம் கதவில் ஒட்டினார். 'சுடக்கூடாதவை' என்ற பத்தி தாளின் அடிவரைக்கும் போயிற்று. 'சுடத்தக்கவை' நாலே வரி. அவருடைய யோசனை இதுதான். ஒரு காக்கையைச் சுட்டு வயல் நடுவில் கம்பில் கட்டித் தொங்கவிட்டால் எல்லாப் பறவைக்கும் பயம் வரும். மயிலும் வராது. மயிலைத் தொட வேண்டியதே இல்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "மாமா போயி நாலு மாசம் ஆகல. தல ஆடி அமாவாச வருது. இப்பப் போயி காக்காயச் சுடுதேங்காவ. உங்க அண்ணன்கிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

அம்மா மாமா என்றது தாத்தாவை. பங்குனியில்தான் தாத்தா இறந்திருந்தார். பெரியப்பா ஊருக்கு வந்த நாளிலிருந்து தான் செத்த நாள் வரைக்கும், ஒரே வீட்டில் கீழும் மேலுமாக இருந்துகொண்டு, தாத்தா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார். "ஏட்டி, மேல இருக்கவன்கிட்ட மோட்டார நிறுத்தச் சொல்லு" என்பார். நான் ஓடிப்போய்ச் சொல்வேன். பெரியப்பா "தாத்தா வேற என்ன சொன்னாரு?" என்று கேட்பார். "வேற ஒண்ணும் சொல்லல" என்பேன். எனக்கு அது ஒரு விளையாட்டு. காரணம் பிறகுதான் தெரிந்தது. பாட்டி இறந்தபோது பெரியப்பாவுக்கு லீவு கொடுக்கவில்லையாம். கூட இருந்தவர்கள் சொல்லாமல் கிளம்பிப் போ என்று சொல்லியிருக்கிறார்கள். லீவு எழுதித் தராமல் எப்படிப் போவது என்று இவர் இருந்துவிட்டார். தலைமகன் இல்லாமல் பாட்டிக்குக் கொள்ளி வைத்தார்கள். தாத்தா அதை மன்னிக்கவில்லை.

அப்பா பேசிப் பார்த்தார். "சட்டத்துல தப்பில்லடா" என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.

அது சாரல் நன்றாகப் பிடித்திருந்த நேரம். மலை தெரியாது. மலை இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதற்குள்ளிருந்து அருவிச் சத்தம் மட்டும் கேட்கும். காலை ஏழு மணிக்கு வயலுக்குப் போனபோது மோட்டார் ரூம் கூரையில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. நான் குண்டு டப்பாவைக் கையில் வைத்திருந்தேன். பெரியப்பா முதலில் அதன் கழுத்தைப் பார்த்தார். சாம்பல்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு துப்பாக்கியை மடக்கினார். அந்தச் சத்தத்துக்கே காக்கை பறந்துபோக வேண்டும். பறக்கவில்லை. குண்டைப் போட்டு நிமிர்த்தினார், அப்போதும் பறக்கவில்லை. நனைந்துபோய் ஒரு காலில் நின்றுகொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவரையே பார்த்தது.

தாத்தாவுக்கு இடது கண்ணில் புரை. யாரைப் பார்த்தாலும் தலையை அப்படித்தான் சாய்த்துப் பார்ப்பார்.

"பெரியப்பா, அது தாத்தா மாதிரியே பாக்குது" என்றேன்.

துப்பாக்கி தோளில் இருந்தது. அவர் கன்னம் அதில் அழுந்தியிருந்தது. நான் சொன்னதும் அவர் மூச்சு நின்றது எனக்குத் தெரிந்தது. துப்பாக்கியை இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். பிறகு டப்பென்று ஒரு சத்தம், பென்சில் ஒடிகிற மாதிரி. காக்கை கத்தவில்லை. கூரையிலிருந்து சறுக்கி அவர் காலடியில் விழுந்தது.

நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. நான் அப்படிச் சொன்னதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

காலில் சணல் கட்டி, வயல் நடுவில் ஒரு கம்பில் தொங்கவிட்டார். திரும்பி வரப்பில் ஏறும்போது நான் அண்ணாந்து பார்த்தேன். கரண்டுக் கம்பி முழுக்க, பக்கத்துத் தோப்பின் தென்னை மட்டைகளில், வேலியில், எல்லா இடத்திலும் காக்கைகள். எப்போது வந்தன என்று தெரியவில்லை. ஒரு காக்கை செத்தால் மற்றவை கத்தி ஊரைக் கூட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இவை ஒன்றுகூடக் கத்தவில்லை. சாரலில் நனைந்துகொண்டு பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் ஸ்கூட்டியை எடுக்கும்வரை ஒரு இறக்கைகூட அசையவில்லை.

அடுத்த நாளிலிருந்து வயலில் மயில் வரவில்லை. பெரியப்பாவுக்குச் சந்தோஷம். ஆனால் மயில் மட்டுமா வரவில்லை? கிளி இல்லை, மைனா இல்லை, வரப்பில் நடக்கிற கொக்கு இல்லை, வாலாட்டிக்கொண்டு ஓடுகிற சின்னக் குருவிகூட இல்லை. பக்கத்து வயலில் எல்லாம் இருந்தன. எங்கள் வரப்பு வரைக்கும் வந்து திரும்பிப்போயின. நான்கு நாள் கழித்துச் செடிகளில் கம்பளிப்புழு ஏறியது. தின்ன ஒரு பறவையும் இல்லாததால் பெருகிப் பெருகி, நாங்கள் வயலுக்குள் நின்றால் இலை அரிக்கும் சத்தம் காதில் கேட்கிற அளவுக்கு வந்தது. லேசாகக் காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு சத்தம், வயல் முழுவதும். மோட்டார் ரூம் கதவில், பெரியப்பா ஒட்டிய தாளின்மேல் அவை ஊர்ந்துகொண்டிருந்தன.

காக்கைகள் வயலோடு நிற்கவில்லை. வீட்டுக்கும் வந்தன. பெரியப்பா காலையில் மாடி ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் ஏழெட்டு உட்கார்ந்திருக்கும். அவர் கடைக்குப் போனால் கம்பி கம்பியாகத் தாவிக் கூடவே வரும். நாங்கள் போனால் ஒன்றும் வராது. குடை பிடித்துப் பார்த்தார். குரங்குக் குல்லா போட்டுப் பார்த்தார். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பாவின் பைக்கில் போய்ப் பார்த்தார். எப்படிப் போனாலும் அவற்றுக்கு அவரைத் தெரிந்தது. ஒரு நாள் பின்னாலிருந்து வந்து ஒன்று தலையில் அடித்துவிட்டுப் போனது. முன் மண்டையில் இரண்டு கோடாக ரத்தம். அப்போதும் அது சத்தம் போடவில்லை.

அந்த வாரம் புழுவுக்கு மருந்து வாங்கவும் காய்கறி வாங்கவும் பாவூர்சத்திரம் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெரியப்பா அண்ணாந்து பார்த்தார். மார்க்கெட்டில் அழுகிய தக்காளிக்குக் காக்கைகள் அடித்துப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தன. எதுவும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாமான் வாங்கி முடித்த பிறகும் அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே இருந்தார். மூன்று பஸ்ஸை விட்டார்.

"போவோம் பெரியப்பா, கால் வலிக்கி" என்றேன்.

"கொஞ்ச நேரம் நிப்போம்டி. இங்கன நல்லாருக்கு" என்றார்.

ஆடி அமாவாசையன்று அப்பா, பெரியப்பா, நான் மூன்று பேரும் குற்றாலத்துக்குப் போனோம். சீசன் கூட்டமும் அமாவாசைக் கூட்டமும் சேர்ந்து நடக்க இடமில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு ஆற்றங்கரையில் வரிசையாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். படிக்கு மேலே ஒரு நீளக் கல். பிண்டத்தை அதன்மேல் வைக்க வேண்டும். அங்கே காக்கைகளுக்கு அன்றைக்குத் திருவிழா. வைத்த கையை எடுக்கும் முன்னே கொத்திக்கொண்டு போயின. கூச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

தாத்தா பேரும், தாத்தாவின் அப்பா பேரும் சொல்லி முடித்துவிட்டுப் பெரியப்பா பிண்டத்தை எடுத்துக்கொண்டு படி ஏறினார். கல்லின்மேல் வைத்தார்.

சத்தம் நின்றது.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ரேடியோவை அணைத்த மாதிரி நின்றது. அதுவரை மறைந்திருந்த அருவிச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. அந்தக் கல்லில் இருந்த அத்தனை காக்கைகளும், மற்றவர்கள் வைத்த சோற்றையும் விட்டுவிட்டு எழும்பி, எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, மலைப்பக்கம் இருந்த வெள்ளைக்குள் போய்விட்டன. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் கையைக் கல்லிலிருந்து எடுக்காமல் குனிந்தபடியே நின்றார். முதுகில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அந்த ஆளு என்ன பண்ணுனாரோ, நம்ம சோத்தயும் கெடுத்துட்டாரே" என்று ஒரு பெண் உரக்கச் சொன்னாள்.

தர்ப்பணம் செய்துவைத்தவர் மெதுவாகக் கேட்டார். "வீட்டுல ஏதும் நடந்துச்சா?"

அப்பாதான் காக்கையைச் சுட்டதைச் சொன்னார். பெரியப்பா நிமிர்ந்தார். "சட்டத்துல இடம் இருக்கு சாமி. கேட்டு, எழுதிக்கிட்டு வந்துதான் செஞ்சேன்" என்றார். குரல் சின்னப் பையன் வாத்தியாரிடம் சொல்கிற மாதிரி இருந்தது.

"இருக்கட்டும். அது உங்களுக்கும் சர்க்காருக்கும். காக்காயா வந்தவருக்கு அது தெரியுமா?" என்றார் அவர்.

வீட்டுக்குப் போகும் வழியில் பெரியப்பா ஆட்டோவை வயலில் நிறுத்தச் சொன்னார். ஈர வேட்டியோடு செடிகளுக்கு நடுவே நடந்துபோனார். அவர் காலில் புழுக்கள் ஏறின, அவர் தட்டிவிடவில்லை. சணலை அவிழ்த்து, காய்ந்து சுருங்கிப்போயிருந்த அந்தக் காக்கையைத் துண்டில் சுற்றி, மோட்டார் ரூம் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தார். தாளைக் கதவிலிருந்து கிழித்தார். கம்பியில் வரிசையாக உட்கார்ந்து காக்கைகள் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. இலையில் சோறு, பருப்பு, வடை, பாயசம், பூசணிக்காய்க் கூட்டு. பெரியப்பா கொண்டுபோய் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். காக்கை எடுத்த பிறகுதான் வீட்டில் யாரும் சாப்பிட முடியும். பக்கத்து வீட்டு மாடியில் வைத்த இலை ஐந்து நிமிடத்தில் காலியானது. எங்கள் இலைக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. பெரியப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பரேடு மைதானத்தில் உத்தரவு போட்ட தொண்டை. போகப் போகக் கரகரத்து, கடைசியில் காற்று மட்டும் வந்தது.

அவருக்குச் சர்க்கரை வியாதி. முந்தின நாள் இரவிலிருந்து பட்டினி. மாத்திரை மட்டும் போட்டிருந்தார். கை நடுங்கத் தொடங்கியதைப் பார்த்துப் பெரியம்மா அழுதுவிட்டாள். "போதும், வாங்க. ஒரு வாய் சாப்புடுங்க. விழுந்துருவீங்க."

"மாட்டுக்கு வச்சிட்டுச் சாப்புடுவோம் அண்ணே. அதுவும் வழக்கந்தான்" என்றார் அப்பா.

"இல்ல. காக்கா எடுக்கணும். அதான் முறை."

அவரைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இலையைப் பார்த்துக்கொள்ள என்னை மாடியில் விட்டார்கள்.

நான் தனியாக நின்றேன். எதிர்வீட்டுச் சுவரில் ஏழு காக்கைகள் இருந்தன. எனக்குப் பசி. கீழே பெரியம்மா அழுவது கேட்டது. பெரியப்பா செத்துப்போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. 'எடுத்துக்கிடு, எடுத்துக்கிடு' என்று காக்கைகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவை என்னைப் பார்க்கவில்லை. மாடிப்படியின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு நான் அதைச் செய்தேன். கையால் சோற்றைக் கலைத்தேன். கொத்தின மாதிரி விரலால் குழி குழியாகக் குத்தினேன். கொஞ்சத்தைச் சுவரில் சிதறவிட்டேன். வடையைப் பிய்த்துப் பின்பக்கச் சந்தில் எறிந்தேன். கீழே இறங்கி ஓடினேன்.

"காக்கா எடுத்துட்டு!"

அம்மா மேலே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆமா, எடுத்திருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியம்மா பூஜை அறைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அப்பா இலை போடச் சொன்னார்.

பெரியப்பா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இங்கன வாட்டி" என்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்கட்டுக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். குழாயைத் திறந்தார். என் கையைத் தண்ணீரில் காட்டி, அவரே ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணில் இருந்த பருப்பைக்கூட எடுத்தார். சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும் என்பது அவருடைய சட்டங்களில் ஒன்று. அதனால் நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

குழாயை மூடிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"தாத்தா ஏதும் சொன்னாரா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எப்போதும் சொல்கிற பதில் அதுதான்.

"கருவா சாப்ட்டானான்னு கேட்டாரு" என்றேன்.

பெரியப்பா குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் வரவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனார். இலை முன்னால் உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவர் அவ்வளவு சாப்பிட்டுத் தான் பார்த்ததில்லை என்று பெரியம்மா சொன்னாள்.

மறுநாள் அம்மா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். அடுப்படியில் இருந்த அவள் காதில் நான் சொன்னது விழுந்திருக்கிறது. "கருவாங்கிற பேர உனக்கு யாருட்டி சொன்னா?" யாரும் சொல்லவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. அப்பாவிடம் கேட்டாள். அப்பா யோசித்துவிட்டு, பெரியப்பா சின்னப் பையனாக வெயிலில் கறுத்துத் திரிந்த காலத்தில் தாத்தா அவரை அப்படிக் கூப்பிடுவாராம் என்று பாட்டி எப்போதோ சொன்னதாகச் சொன்னார். பட்டாளத்துக்குப் போன பிறகு அந்தப் பேரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. பெரியம்மாவுக்கே தெரியாது. தாத்தா சாகக் கிடந்தபோது உளறியதை நான் கேட்டிருப்பேன் என்று அப்பா முடிவு செய்தார். அப்படியும் இருக்கலாம். எனக்கு நினைவில்லை.

காக்கைகள் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் வந்தன. புரட்டாசி மழைக்குள் ஒவ்வொன்றாகக் குறைந்து, மற்ற வீடுகளுக்கு வருகிற மாதிரி எங்கள் வீட்டுக்கும் கத்திக்கொண்டு வரத் தொடங்கின. கடலையில் மூட்டைக் கணக்குக்கு ஒன்றும் தேறவில்லை. துப்பாக்கியைப் பெரியப்பா வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் மயில்கள் வந்தபோது வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நான் பெரிய பொய் சொல்லிவிட்டதாகவும், அதை அவர் நம்பிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். சாமி கண்ணைக் குத்தும் என்று பல நாள் பயந்தேன். காக்கை வரவில்லை என்பது என் விரல்களைக் கழுவும்போதே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. காக்கை வராமலே அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது, அதை என் வாய்வழியாக யார் சொன்னது என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்பதும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அதற்குப் பிறகு பெரியப்பா என்னை ஒருநாளும் ஏட்டி, வாட்டி என்று கூப்பிடவில்லை என்பதுதான். நான் அறைக்குள் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு, அவர் பார்க்காதபோது நான் அழுதிருக்கிறேன்.